யார் பயணம் செய்வது?

கேள்வி: நான் ராகமவில் வசிக்கிறேன். உடன் வேலை செய்யும் தோழிகள் மூவரும் வெள்ளவத்தையில் இருப்பதால், சனிக்கிழமை ஒன்றுகூடல் எப்போதும் அங்கேதான். அவர்களை ஒருமுறை இங்கே அழைப்பது முறையா?
– வாசகி, ராகம

பதில்: முறைதான், சகோதரி, தயங்காமல் அழையுங்கள். தலைகளை எண்ணி இடத்தைத் தீர்மானித்தால், தொலைவில் இருப்பவரே என்றென்றும் அலைய நேரும். நீங்கள் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கரையோர ரயிலுக்குக் காத்திருந்து, அதைத் தவறவிட்டால் காலி வீதி பஸ்ஸில் நெரிசலில் நின்றபடி போய்ச் சேர்வதையும், இருட்டிய பின் அதே வழியில் தனியாகத் திரும்புவதையும், வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடும் அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மனத்தாங்கலாக வளரவிடாமல் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லா முறையும் அவர்கள் ராகமவுக்கு வருவது கடினம் என்றால், இடையிடையே கோட்டையிலோ காலி முகத்திடலிலோ சந்திக்கலாம். அங்கு இரு தரப்பும் பயணம் செய்தாக வேண்டும். ஆனால் கைக்குழந்தையோ நோயாளியான பெற்றோரோ உள்ள தோழியிடம் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். அவர் வீட்டுக்கு மற்றவர்கள் போவதே நியாயம். அடுத்த சந்திப்புக்கு, அவர்கள் பேச்செடுக்கும் முன்பே, பகல் உணவுக்கு உங்கள் வீட்டுக்கு வருமாறு நீங்களே முதலில் அழைத்துவிடுங்கள்.