வலமாகச் சுற்றுங்கள்

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை சைக்கிள் ஓட்டுகிறேன். ஜூலையில் ஒரே நாளில் ஒரு பெரிய சுற்று போக ஆசை. திருநெல்வேலி, கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, மறுபடி திருநெல்வேலி. ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பினால், கடைசியில் தென்காசிக் காற்று முதுகில் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும் என்பது என் கணக்கு. நண்பர்கள் ஜூலையே வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் இந்தச் சுற்றைப் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

ஜூலையிலேயே போங்கள். திசையை மட்டும் மாற்றுங்கள். கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாக, முதலில் தென்காசிக்கு.

நீங்கள் போட்டிருக்கும் திசையில்தான் நானும் முதல்முறை போனேன். கோவில்பட்டிக்காரன் என்பதால் இங்கிருந்து கிளம்பினேன், அதுவும் எட்டு மணிக்கு மேல். சாத்தூரில் மேற்கே திரும்பியதும் காற்று நெஞ்சில் அறைந்தது. கரிசல் காடு, ஒதுங்க மரமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை 40 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு போனதில், ராஜபாளையம் தாண்டிச் சேத்தூர் பக்கம் இரண்டு கெண்டைக்காலும் இறுகிக்கொண்டன. சாலையோரம் மோர் விற்ற அம்மா கல்லுப்பு போட்டு இரண்டு சொம்பு கொடுத்த பிறகுதான் எழுந்து நிற்க முடிந்தது. தென்காசியோடு சரி; சைக்கிளை ஒரு லோடு வேனில் ஏற்றி ஊர் திரும்பினேன்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நெருக்கிக்கொண்டு நுழையும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி எல்லாம் அப்படிப்பட்ட வாசல்கள். விடிவதற்கு முன் அது தணிந்திருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் எதிர்காற்றில் போக வேண்டிய தென்காசிச் சாலையின் 55 கிலோமீட்டரை, கால் புதிதாக இருக்கும்போது, அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிடுங்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம் கடந்து ஏழு மணிக்குத் தென்காசியில் இட்லி சாப்பிடலாம்.

தென்காசியிலிருந்து ராஜபாளையம் வரை சுமார் 65 கிலோமீட்டர். கேரளத்துக்குப் போய்வரும் லாரிகள் ஓடும் கொல்லம் சாலை அது. நீங்கள் சொன்னபடி போனால் அதில் இருட்டிவிடும். அதை நான் ஒப்பவே மாட்டேன். குறுகிய சாலையைப் பகலிலும், அகலமான நான்குவழிச் சாலையை இரவிலும் ஓட்ட வேண்டும். வலமாகச் சுற்றினால் அது தானாக அமைந்துவிடுகிறது. ஒரு குறை உண்டு: கடையநல்லூர் வரை காற்று இடப்பக்கமிருந்து வந்து உங்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். அந்தப் பதினேழு கிலோமீட்டரும் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகப் போங்கள்.

பன்னிரண்டு மணிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, மூன்று மணி வரை படுத்துவிடுங்கள். பால்கோவா வாங்குங்கள், ஆனால் வெயிலில் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். அப்புறம் என்னை வதைத்த அந்த 40 கிலோமீட்டரும் உங்களுக்குப் பின்காற்று. சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். கடலைமிட்டாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்த எனர்ஜி பாரையும்விட அதை நான் நம்புகிறேன். மணிக்கொரு தடவை உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ கட்டாயம்.

பிஆர்எம் என்னும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரமும் 300க்கு 20 மணி நேரமும் தருகிறார்கள். நிற்பதையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கு. அதே கணக்கில் உங்களுக்குப் பதினேழு மணி நேரம், இரவு ஒன்பது.

டியூப் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். இந்தச் சிற்றூர்களின் பஞ்சர் கடைகளில் வால்டியூப் போட்ட கறுப்புச் சைக்கிளின் டியூப் கிடைக்கும். உங்கள் ரோடு பைக்கின் 700சி அளவு டியூப் கிடைக்காது. இரண்டு டியூப், ஒட்டும் சாமான், கைப்பம்பு, ரோடு பைக் டியூபில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஓர் அடாப்டர். அடாப்டர் இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். முடியாமல் போனாலும் பயமில்லை. தென்காசியிலிருந்து சிவகாசி வரையும், சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வரையும் பக்கத்திலேயே ரயில் பாதை உண்டு. தென்காசி, ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர் என்று ஸ்டேஷன் வந்துகொண்டே இருக்கும்.

சனி, ஞாயிறு வேண்டாம். குற்றாலச் சீசனில் தென்காசிச் சாலை கார்களால் நிறைந்துவிடும். ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்கள்.

கடைசி 55 கிலோமீட்டரில், கயத்தாறு வழியாக, காற்று வலப்பக்கமிருந்து சாலையோரத்துக்குத்தான் தள்ளும். அங்கே ஆபத்து வேறு: விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரிகள். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, ஒளிரும் மேல்சட்டை. தேதி முடிவானதும் எழுதுங்கள். ஆறு மணிக்குக் கோவில்பட்டியில் காத்திருக்கிறேன். இருட்டில் அந்தச் சாலையை நீங்கள் தனியாக ஓட்ட வேண்டாம். திருநெல்வேலி வரை கூட வருகிறேன்.