ரீலோடிங் ப்ரஸ்ஸைக் கொழும்புக்குக் கொண்டு வரலாமா?

தம்பி,

ஹூஸ்டனிலிருந்து மாற்றலாகிக் கொழும்புக்கு வருகிறேன், ஹூஸ்டன் வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்ய, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்ற, பழகிவிட்டேன், அதற்கான கை அழுத்துக் கருவியான ப்ரஸ்ஸையும் அதில் மாட்டும் அச்சுகளான டைகளையும் சேர்த்துவைத்த பித்தளைக் கூடுகளையும் வீட்டுச் சாமான்களோடு கண்டெய்னரில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் தோட்டா கிடைப்பதே கஷ்டம் என்றால் சொந்தமாகச் செய்தால் இன்னும் மிச்சம்தானே என்றும் ஒரு கேள்வி.

வேண்டாம். ப்ரஸ், டை, பவுடர் தராசு எதுவும் வேண்டாம். ஒரு காலிக் கூடுகூட வேண்டாம். இதோடு நிறுத்தினால் உங்களுக்கு மனசு ஆறாது என்று தெரியும். நானும் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, சில வருடம் ஒஹாயோவில் இருந்துவிட்டுத்தான் கொழும்பில் நிலைத்தேன். ஒஹாயோவில் என் வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற டை மேக்கர். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் இந்த வேலையைக் கற்றேன். நீங்கள் எதை விட்டுவிட்டு வரப்போகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

முதலில் காசு. தோட்டாவில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர் என்கிற வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டும். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் மிச்சமே இருக்கிறது. எவ்வளவு மிச்சம் என்பது எதைச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. .308 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு பவுடரில் 7,000 கிரெய்ன். இந்த ரைஃபிள் ஒரு வெடிக்கு நாற்பது கிரெய்னுக்கு மேல் தின்னும். ஆக ஒரு பவுண்டு டப்பாவில் 160 தோட்டா தேறும். டப்பா 45, 50 டாலர் என்றால் பவுடர் மட்டும் முப்பது சென்ட். போட்டிக்குச் சுடும் நல்ல மேட்ச் குண்டு ஐம்பது சென்ட் பக்கம். பிரைமர், கூட்டின் தேய்மானம் எல்லாம் சேர்த்தால் ஒரு டாலர். அதே தரத்தில் கடைத் தோட்டா இரண்டு டாலருக்கு அக்கம்பக்கம். பாதிக்குப் பாதி மிச்சம்.

9 எம்எம் பிஸ்டலுக்கு வந்தால் கதையே வேறு. பவுடர் கொஞ்சம்தான் போகும், கூடு, சுடப் போகும் ரேஞ்சில் சும்மாவே கிடைக்கும். ஆனாலும் கடைத் தோட்டாவே இருபத்தைந்து சென்ட் அளவுக்குக் கிடைக்கும்போது, நீங்கள் மிச்சம் பிடிப்பது சில்லறை. .22 என்றால் ரீலோட் செய்யவே வழியில்லை. அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முறை சுத்தியல் விழுந்தால் விளிம்பு நசுங்கிவிடும், அத்தோடு சரி.

இதற்கு மேல் ப்ரஸ் விலை. ஒவ்வொன்றாக அழுத்தும் சிங்கிள் ஸ்டேஜ் செட் 200 முதல் 400 டாலர். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா விழும் ப்ரோக்ரெசிவ் ப்ரஸ் என்றால் ஆயிரத்தைத் தொடும். அந்த முதலைத் திரும்ப எடுக்க எத்தனை ஆயிரம் தோட்டா சுட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்புறம் நடப்பதும் தெரியும்: தோட்டா மலிவாகக் கிடைத்ததும் யாரும் பணத்தைச் சேர்த்துவைப்பதில்லை, இரண்டு மடங்கு சுடுகிறார்கள். மாதச் செலவு அப்படியே இருக்கும், இலக்குத் தாளில் ஓட்டைகள்தான் கூடும். அதில் தப்பில்லை. பயிற்சிக்கு அது பெரிய லாபம். ஆனால் அதைச் சேமிப்பு என்று சொல்லக் கூடாது.

விலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020-க்கு முன் ஒரு பிரைமர் மூன்று, நான்கு சென்ட். கொரோனாவில் அலமாரிகள் காலியாகி, கிடைத்த இடத்தில் பத்து சென்ட்டும் அதற்கு மேலும் கேட்டார்கள். 2013-லும் இப்படி ஒரு பஞ்சம் இருந்தது. உக்ரைன் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு, பவுடரின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸின் தேவை ஏறியதும் பவுடர் விலையும் கூடவே ஏறியது. கையில் சரக்கு இருந்தவர்களுக்கு அந்த நாட்களில் ரீலோடிங் காசு மிச்சம் மட்டுமல்ல, தொடர்ந்து சுடுவதற்கே அதுதான் வழி.

ஆனால் தம்பி, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மேசை முன்னால் உங்களை உட்கார வைத்தது காசு இல்லை. என்னையும் அது உட்கார வைக்கவில்லை. ஆபீஸில் நாள் முழுக்கச் செய்த வேலை எங்கே போனது, யாருக்குப் பயன்பட்டது என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறோம். அந்த மேசையில் அப்படி இல்லை. கழுவிக் காய்ந்த கூடுகள் தட்டில் கொட்டும் சத்தம். ஒவ்வொன்றையும் விரலால் உருட்டி, வாயில் விரிசல் இருக்கிறதா, அடியில் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பது. அந்த வளையம் தெரிந்தால் கூடு அடுத்த வெடியில் பிய்ந்துவிடும் என்று அர்த்தம், தூக்கி எறிய வேண்டும். டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டு வருவது, நீளத்தைக் கேலிபர் என்ற அளவுகோலில் பார்த்து ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் வெட்டுவது, பிரைமர் குழியில் உட்காரும்போது விரலுக்கு வரும் அந்த மெல்லிய உணர்வு. பவுடர் போட்ட பிறகு ஐம்பது கூடுகளையும் ஒரே தட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்ப்போமே, ஒன்றில் மட்டம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஏறியிருந்தால் துப்பாக்கியே வெடிக்கும். பவுடரே இல்லாமல் போயிருந்தால் குண்டு குழலில் பாதியில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் கையோ கண்ணோ போகும். அதனால் அந்த ஒரு மணி நேரம் போன் கிடையாது, பேச்சு கிடையாது, டிவி கிடையாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, ஈயம் ஒட்டியிருக்கும். இவ்வளவு கவனம் கேட்கும் வேலை வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

அதைவிடப் பெரியது, அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்காகவே பிறந்தது என்பது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டு இருந்தாலும் இரண்டு குழலுக்கும் ஒரே தோட்டா பிடிக்காது. ஒன்று குண்டு கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால் நன்றாகச் சுடும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாற்றி, திரும்ப ரேஞ்சுக்குப் போய், நூறு கஜத்தில் ஐந்து ஓட்டையும் ஓர் அங்குலத்துக்குள் விழும் அன்றைக்கு வரும் சந்தோஷம் எந்தக் கடைப் பெட்டியிலும் வராது. அது என் கை வேலை என்ற எண்ணம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. எச்1பி மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மீதியுள்ள பவுடரையும் பிரைமரையும் யாரிடம் கொடுப்பது என்பதையும் அதே கவனத்தோடு உங்கள் ரேஞ்சில் கேட்டு முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இப்போது கொழும்பு. இங்கே சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916-லிருந்து இருக்கிறது, வெடிபொருட்கள் சட்டம் 1956-லிருந்து. துப்பாக்கி உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிராமத்தில் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க ஒரு விவசாயி வைத்திருக்கும் 12-போர் (குழல் அளவு) துவக்குக்கும் அதே விதிதான். தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளைக்கூட 2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு திரும்ப ஒப்படைக்கச் சொல்லி மறுபரிசீலனை செய்தது. உரிமம் உள்ளவருக்கும் தோட்டா கணக்கோடும் அனுமதியோடும்தான் கிடைக்கும். இதற்கு நடுவில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாடகை அபார்ட்மென்ட்டில் பவுடர் டப்பாவோடு தோட்டா செய்கிறார் என்பதற்கு இடமே இல்லை. அதனால் மிச்சக் கணக்கும் இங்கே கிடையாது. விலை எவ்வளவு ஏறினாலும் சட்டப்படி நீங்கள் செய்ய முடியாத ஒன்றில் என்ன மிச்சம் வரும்?

சட்டத்தைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஹூஸ்டனில் பவுடர் என்றால் ஞாயிற்றுக்கிழமை, ரேஞ்ச், நண்பர்கள். இந்த நாட்டில் வெடிமருந்து என்றால் கல் உடைக்கும் குவாரி, இல்லாவிட்டால் காட்டில் தீனிக்குள் மறைத்துவைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வெடி. அதைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் சாகும் யானைகளைப் பற்றிய செய்தி அடிக்கடி வரும், குட்டிகளும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே போர். நீங்கள் வீடு பார்க்கும் வெள்ளவத்தையில் 1983 ஜூலையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரவில் கதவைத் தட்டி அலமாரியைக் கொட்டிப் பார்த்த தேடுதல்கள், போலீஸ் பதிவு, சோதனைச் சாவடி எல்லாம் அவர்களுக்கு நேற்று நடந்த மாதிரி. 2007 ஜூனில் கொழும்பு லாட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பினார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. தற்காலிகம் என்று 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-ல் நிரந்தரமானது.

இந்தத் தெருவில் ஒரு தமிழன் வீட்டில் பித்தளைக் கூடு இருநூறு கிடந்தால், அது அமெரிக்கப் பொழுதுபோக்கு என்று யாருக்கு விளக்குவீர்கள்? உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. வேலை போகும், விசா போகும், ஊருக்குத் திரும்பிவிடலாம். உங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா எங்கே போவார்? பக்கத்து ஃபிளாட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பையன் எங்கே போவான்? கேள்வி கேட்க ஆரம்பித்தால் முதலில் அவர்களிடம்தான் கேட்பார்கள். நம்மை மாதிரி வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்கள் இதை முதல் நாளே மனசில் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் சுடுவதையே விட வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கே அது ஒரு விளையாட்டாக மதிப்போடு இருக்கிறது. 1994 விக்டோரியா பொதுநலவாயப் போட்டியில் இரண்டு இலங்கைப் பெண்கள் காற்றுத் துப்பாக்கி ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள். வந்து செட்டிலான பிறகு தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தில் நேரில் விசாரியுங்கள், கிளப்பின் துப்பாக்கியோடு, கிளப்பின் விதியோடு என்ன முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் ரீலோட் செய்ய ஒன்றும் இல்லைதான், ஆனால் மூச்சும் விசையும் அங்கே படுத்தும் பாடு .308-ல்கூடக் கிடையாது. சொந்தமாகக் காற்றுத் துப்பாக்கி கொண்டு வருவதையும் முன்கூட்டி எழுத்தில் அனுமதி இல்லாமல் யோசிக்காதீர்கள்.

கை வேலைக்கு நான் போனது மரத்துக்கு. மொறட்டுவை முழுக்கத் தச்சர்கள் ஊர். தேக்குத் துண்டு வாங்கி, டவ்டெயில் மூட்டு அறுத்து, காகிதம்கூட நுழையாத மாதிரி பொருத்தப் பழகினேன். கேலிபர், நோட்டுப் புத்தகம், பொறுமை எல்லாம் அப்படியே பயன்பட்டது. உங்களுக்கு இரும்புதான் பிடிக்கும் என்றால் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே நாள் முழுக்கச் சுற்றலாம், நல்ல லேத்காரர் ஒருவர் பழக்கமானால் போதும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. ரேஞ்சுக்கு எடுத்துப் போன பை, ஜாக்கெட், பேன்ட் பாக்கெட், கார் டிக்கி எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். பையின் உள் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவே ஒரு தோட்டா உருண்டு கிடக்கும், கவனிக்கவே மாட்டோம். ஹூஸ்டன் விமான நிலையத்தில் தப்பினாலும், வழியில் தோஹாவிலோ துபாயிலோ, இல்லை கட்டுநாயக்கவிலோ ஸ்கேனரில் தெரியும். காலிக் கூடும் அந்தத் திரையில் தோட்டா மாதிரிதான் இருக்கும். கூடுகளையும் தோட்டாக்களையும் அமெரிக்காவை விட்டு வெளியே எடுக்கவே அவர்களுக்கு ஏற்றுமதி விதிகள் உண்டு. அந்த ரேஞ்ச் பையை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதுப் பை வாங்கிக்கொள்ளுங்கள். கண்டெய்னர் சாமான் பட்டியலை மூட்டை கட்டுகிறவர்களிடம் விடாமல் நீங்களே எழுதுங்கள். ப்ரஸ்ஸை விற்ற காசில் வெள்ளவத்தையில் ஒரு நல்ல சாப்பாட்டு மேசை வாங்கலாம். எங்கே வாங்குவது என்று வந்ததும் சொல்கிறேன்.