லிவர்பூலுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் இங்கே பெங்களூருவில் நுண்ணுயிரியல் பி.எஸ்சி. முடிக்கப் போகிறாள். முதுகலையை லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசைப்படுகிறாள். அந்தப் பல்கலைக்கழகமே நம் ஊருக்கு வருகிறதாமே, பிறகு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? துறைமுக நகரம், கால்பந்து, விடிய விடிய இசை என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். படிக்கிற பெண்ணுக்கு ஏற்ற இடம்தானா?
– அல்சூர் வாசகர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட செய்தி உண்மைதான். பெங்களூருவில் வளாகம் தொடங்குவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 மே மாதத்தில் இசைவுக் கடிதம் வழங்கியது; 2026 ஆகஸ்டில் வகுப்புகளைத் தொடங்குவது திட்டம். வணிக மேலாண்மை, கணக்கியலும் நிதியும், கணினி அறிவியல், உயிர்மருத்துவ அறிவியல், கணினி விளையாட்டு வடிவமைப்பு ஆகியவை முதலில் அறிவிக்கப்பட்ட துறைகள். பட்டம் மட்டும் போதும், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், உங்கள் மகளுக்கு ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் என் பதில் வேறு. ஆய்வுக்கூடமும் அதைச் சூழ்ந்த அறிஞர் கூட்டமும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து உருவாகும் செல்வம். புதிய வளாகம் ஒன்று அதை ஓரிரு ஆண்டுகளில் பெற்றுவிட முடியாது.

லிவர்பூலின் ஆராய்ச்சி அதன் துறைமுகத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்ட வணிகர்கள், காய்ச்சலோடு திரும்பிய மாலுமிகளைக் கண்டு, 1898-இல் அங்கே வெப்பமண்டல மருத்துவப் பள்ளியை நிறுவினார்கள். மறு ஆண்டு அதில் பணிக்குச் சேர்ந்த ரொனால்டு ராஸ், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்ததற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் 1883-இல் நம் பெங்களூருவில் இராணுவ மருத்துவராக இருந்தவர். தம் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்ததும் கொசுத் தொல்லை குறைந்ததை இங்கேதான் கவனித்தார். நுண்ணுயிரியல் படிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எளிதில் அமையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த மருத்துவப் பள்ளி இன்று பல்கலைக்கழகத்திலிருந்து தனித்து இயங்கும் நிறுவனம் என்பதால், அதற்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கடல் ஓதங்களை, அதாவது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கங்களை, முன்கூட்டியே கணிக்கும் கலையும் அங்கே செழித்தது. லிவர்பூலை ஒட்டி ஓடும் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் நீர்மட்டம் சில குறிப்பிட்ட நாள்களில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த நேரம் தெரியாமல் கப்பலைக் கரைசேர்க்க இயலாது. 1919-இல் பல்கலைக்கழகத்தில் ஓத ஆய்வு நிறுவனம் தோன்றியது. அங்கு பணியாற்றிய ஆர்தர் டூட்சனின் கணிப்புகளைக் கொண்டே இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கும் வேளை முடிவாயிற்று. பித்தளைச் சக்கரங்களும் கப்பிகளும் கொண்டு அதைக் கணித்த இயந்திரங்கள் லிவர்பூலில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

இரவுச் சத்தத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். வளாகம் நகர நடுவிலுள்ள லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால், எந்தத் தெருவில் அறை எடுக்கிறாள் என்பதைப் பொறுத்து அமைதியும் அமையும். பல்கலைக்கழக விடுதியே நல்லது. இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு: அங்கே முதுகலை ஒரே ஆண்டு, அதில் ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைப்பது கடைசிச் சில மாதங்கள்தான். போய்ச் சேர்ந்த பிறகு வழிகாட்டியைத் தேடினால் காலம் போய்விடும். எந்தப் பேராசிரியர் எந்தக் கிருமியை ஆராய்கிறார் என்று இப்போதே படித்து, இரண்டு மூன்று பேருக்கு அவளே கடிதம் எழுதட்டும். தரவரிசைப் பட்டியலை விட அவர்கள் தரும் பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: பிரிட்டன் மாணவர் விசாவுக்கு வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் நிலுவையுள்ள தொகையோடு, லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் வாழ்க்கைச் செலவுக்காக மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கு, அதாவது 10,539 பவுண்டு காட்ட வேண்டும். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்பதால், அந்த நாள்களில் அக்கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்குக்கூட எடுக்காதீர்கள். பணம் பெற்றோர் பெயரில் இருந்தால் பிறப்புச் சான்றிதழும் உங்கள் இசைவுக் கடிதமும் தேவை. அவற்றில் பெயர்களின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று முன்னதாகவே சரிபாருங்கள். நம்மவர்களின் தலைப்பெழுத்து, அப்பா பெயர் விஷயத்தில்தான் சிக்கல் அதிகம் வரும். இவை தவிர, ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணமும், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் உண்டு.

கேள்வி: படிப்பு முடிந்தபின் அங்கே வேலை தேட எவ்வளவு காலம் கிடைக்கும்?
– பொறியியல் மாணவர், இந்திராநகர்

பதில்: 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதங்கள்; முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டுகள். நீங்கள் இனிமேல்தான் சேரப் போவதால், முன்பிருந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிக் கடனைத் திட்டமிடாதீர்கள்.