சும்மா பெட்டி தூக்கிற வேலை

வணக்கம் ஐயா,

நான் கிளிநொச்சி. ஏ.எல். முடிச்சு ரெண்டு வருசமா வேலை இல்லை. அண்ணா கனடாவில, ஒரு பெரிய ஒன்லைன் கம்பனியின்ர வேர்ஹவுஸில நைட் ஷிப்ட். சும்மா பெட்டி தூக்கிற வேலைதான், ஆனா எப்ப கோல் எடுத்தாலும் புலம்பல், டொய்லெட் போறதுக்கும் கணக்காம். மாங்குளம், பரந்தன் பக்கம் முதலீட்டு வலயம் வருது எண்டு கதைக்கினம். அப்பிடி ஒரு வேர்ஹவுஸ் இஞ்சை வந்தா எங்கட பெடியளுக்கு வேலை கூடும்தானே? இல்லாட்டி ரோபோ வந்து எல்லாரையும் கலைச்சுப்போடுமோ? நான் இங்கிலீஷ் படிக்கிறதோ கொம்பியூட்டர் படிக்கிறதோ?

*

தம்பி,

நாலு நாளா பதில் எழுதேல்லை. அந்த "சும்மா"வைக் கண்டவுடன வந்த கோவம் ஆறட்டும் எண்டு விட்டனான், ஆறேல்லை. ரெண்டு வருசமா ஆற்ற காசில ஃபோனுக்கு டேட்டா போடுறீர்?

வேலை கூடுமோ எண்டதைக் கெதியாச் சொல்லிப்போட்டு வாறன். 2018 இல அமெரிக்காவில பொருளாதாரக் கொள்கை நிறுவனம் எண்டு ஒண்டு ஆராய்ஞ்சு பாத்தது. அமேசான் வேர்ஹவுஸ் திறந்த இடங்களில வேர்ஹவுஸ் வேலை 30 சதவீதம் அளவில கூடியிருக்கு, மொத்த வேலை கூடேல்லை. ஒரு பக்கம் ஏற மற்றப்பக்கம் இறங்கியிருக்கு. அதோட வந்தவை நிப்பினம் எண்டும் இல்லை. கனடாவில கியூபெக் மாகாணத்து லாவல் எண்ட இடத்தில அமேசான் வேர்ஹவுஸ் ஆக்கள் 2024 இல தொழிற்சங்கம் அமைச்சவை, 2025 ஜனவரியில அந்த மாகாணத்தில இருந்த ஏழு இடத்தையும் பூட்டுறம் எண்டு அமேசான் அறிவிச்சுது, நிரந்தர வேலையள் மட்டும் 1,700 அளவில. சங்கத்தால இல்லை, செலவு குறைக்கத்தானாம். சரி, நம்புவம்.

ரோபோவை விடும். கீவா எண்ட ரோபோ கம்பனியை அமேசான்காரர் 2012 இலேயே வாங்கிப்போட்டினம், பிறகும் ஆக்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தவை. ரோபோ தட்டைக் காவிக்கொண்டு முன்னால வந்து நிக்கும், நீர் நிண்ட இடத்தில நிண்டு எடுக்கோணும். கால் நடை குறையும், கை ஓயாது.

எனக்கு அந்த டொய்லெட் கணக்குத்தான் மண்டைக்குள்ள நிக்குது.

1997, மல்லாவி. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து போன எங்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்து ஸ்டோரில மூட்டை தூக்கிற நாட்டாமை வேலை கிடைச்சுது, நிவாரண லொறி வாற நாளில அரிசி, மா, சீனி எண்டு இறக்கோணும், மூட்டைக் கணக்குக்குத்தான் காசு. மலேரியாக் காய்ச்சல் விட்டு மூண்டாம் நாள் போனனான், ஆறு மூட்டையோட கால் நடுங்கி மாமரத்துக்குக் கீழ இருந்திட்டன். ஸ்டோர்கீப்பர் அண்ணை தூசணத்தால பேசினார், பேசிப் பேசியே பிளேன்ரீயும் தந்தார். பின்னேரம் கொப்பியில என்ர பேருக்கு நேர பன்ரெண்டு மூட்டை. நான் பிழை எண்டு சொல்லப்போக, பொத்து வாயை எண்டார். மற்ற மூண்டு பெடியளும் தங்கட கணக்கில இருந்து ரெண்டு ரெண்டு மூட்டையை என்ர பக்கம் எழுதச் சொன்னவங்களாம். அந்தக் கொப்பியில தூக்கினது மட்டும்தான் இருந்தது தம்பி, நாங்கள் இருந்ததை ஒருத்தரும் எழுதேல்லை.

இப்ப எழுதுறது இருந்ததைத்தான். ஒரு பெட்டியை ஸ்கான் பண்ணி அடுத்ததை ஸ்கான் பண்ணுறதுக்கு இடையில எத்தினை நிமிசம் போச்சு எண்டு ஸ்கானர் எழுதும், அதுக்கு அமேசானில "டைம் ஓஃப் டாஸ்க்" எண்டு பேர். காய்ச்சல் எண்டாலும் வயித்துக்குத்து எண்டாலும் அம்மான்ர நினைப்பு வந்து ஒரு நிமிசம் நிண்டாலும் எல்லாம் ஒரே இலக்கம்தான், உம்மட அண்ணாவுக்கு ரெண்டு பெட்டி குடுக்க நினைக்கிற பெடியன் பக்கத்தில நிண்டாலும் எப்பிடிக் குடுப்பான்? கனடா வரைக்கும் போகவும் தேவையில்லை, விடிய இருட்டுக்குள்ள கார்மென்ட்ஸ் பஸ்ஸுக்கு நிக்கிற உங்கட ஊர்ப் பிள்ளையளிட்ட மணித்தியால டார்கெட் எண்டா என்ன எண்டு ஒருக்காக் கேளும்.

இங்கிலீஷும் படியும், கொம்பியூட்டரும் படியும், உதெல்லாம் ஒரு கேள்வியே. பின்னேரம் ஐஞ்சு மணி போல அண்ணாவுக்குக் கோல் எடும், அங்கை அப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்திருப்பார். காசு கேக்காதேயும். புலம்பினா புலம்பட்டும், குறுக்க கதையாதேயும்.