மூளையை மட்டும் பிரதி எடுத்தால் உடம்பு எங்க போகும்? கேள்வி பதில்

கிளிநொச்சியில இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்யிறன். என்னட்ட வாறவையில கனபேர் மிதிவெடியிலயோ செல்லடியிலயோ கால், கை இழந்தவை. மனித மூளையை அப்பிடியே கணினியில பிரதி எடுத்து, செத்த பிறகும் ஆளை வாழ வைக்கலாம் எண்ட பேச்சைப் பற்றி உங்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தன். வந்ததுகளுக்குப் பதில் இது.

முல்லைத்தீவு, ஏ/எல் உயிரியல் மாணவி: மூளையின்ர எல்லா நரம்புக்கலத்தையும் வரைபடமாக்கினா அந்த ஆள் அதுக்குள்ள இருப்பார்தானே, மிஸ்?

தங்கச்சி, புழுவில இருந்து தொடங்குவம். சீ. எலிகன்ஸ் எண்ட வட்டப்புழு ஒரு மில்லிமீற்றர் நீளம். மொத்தமே 302 நரம்புக்கலம். அதின்ர இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்திட்டுது. அந்தப் புழுவைக் கணினிக்குள்ள உயிர்ப்பிக்க 2011இல தொடங்கின ஓப்பின்வேர்ம் திட்டம் இன்னும் முழுப் புழுவாகேல்லை. எந்தக் கலம் எதோட தொடுப்பெண்டு வரைபடம் சொல்லும். அந்தத் தொடுப்பு எவ்வளவு பலம், தூண்டுதா அடக்குதா எண்டதை முழுசாச் சொல்லாது. அதோட, புழு நெளியிறது நரம்பால மட்டுமில்லை. உடம்பு வளையிற வளைவே அடுத்த நெளிவுக்குச் சேதி குடுக்குது. அதாலதான் அந்தத் திட்டத்தில உடற்சுவரில இருக்கிற 95 தசைக்கலத்தையும், சுத்தியிருக்கிற திரவத்தையும்கூடச் செய்ய வேண்டி வந்தது.

எங்கட மூளையில ஏறக்குறைய 8600 கோடி நரம்புக்கலம். மனித மூளைப்பட்டையில, அதாவது மூளையின்ர வெளி அடுக்கில, ஒரு கன மில்லிமீற்றரைப் படமெடுத்து 2024இல வெளியிட்டவை. அந்தச் சின்னத் துண்டுக்கே 14 இலட்சம் கிகாபைற் தரவு.

அறிவியல் நகர், பொறியியல் மாணவன்: உடம்பு வெறும் உள்ளீடும் வெளியீடும்தானே. ஒரு கமெராவும் ரோபோக் கையும் பூட்டிவிட்டாப் போதாதா?

தம்பி, 1963இல ஹெல்ட், ஹெயின் எண்ட ரெண்டுபேர் பூனைக்குட்டிகளை வச்சு ஒரு பரிசோதனை செய்தவை. இராட்டினம் மாதிரி ஒண்டில ஒரு குட்டி தன்ர காலால நடக்கும், மற்றது தொட்டிலில இருந்து சுத்தும். மிச்ச நேரம் ரெண்டும் இருட்டில. ரெண்டும் பாத்த காட்சி ஒண்டுதான். ஆனா தொட்டிலில இருந்த குட்டிக்கு, மேசை விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோனா முன்னங்காலை நீட்டிப் பிடிக்கத் தெரியேல்லை. உள்ளீடு சரியா இருந்தும் அது பார்வையாகேல்லை. தான் அசைஞ்சு, அசைஞ்சதால காட்சி மாறி, அதை உடம்பில உணர்ந்தாத்தான் கண்ணும் காலும் பொருந்தும்.

இன்னொண்டு. மூளையில இருந்து வயிறு வரைக்கும் ஓடுற வேகஸ் நரம்பில நூறு இழையை எடுத்தா எண்பதளவு உடம்பில இருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோறது. மூளை கட்டளை போடுது எண்டு நாங்கள் நினைக்கிறம். அந்த நரம்பில அது கூடுதலாக் கேட்டுக்கொண்டிருக்கு. பசி, பயம், களைப்பு எல்லாம் இரத்தத்தில ஓடுற சுரப்புகளோடயும் வாறது. ரோபோவுக்கு இரத்தம் ஓடாது.

அக்கராயன், விவசாயி: மண்வெட்டி பிடிக்கிற பழக்கம் என்ர கையிலயா மூளையிலயா?

ஐயா, பழக்கம் மூளையில பதிஞ்சிருக்கு. ஆனா உங்கட கையின்ர நீளத்துக்கும் பாரத்துக்கும் ஏத்த மாதிரித்தான் பதிஞ்சிருக்கு. வேறொருத்தரின்ர கையைப் பூட்டினா வரம்பு கோணும். நான் சொன்ன 8600 கோடியில ஏறக்குறைய 6900 கோடி சிறுமூளையிலதான். அது யோசனைக்கும் உதவும், ஆனா அதின்ர பெரிய வேலை அசைவைச் சீராக்கிறது. புதுச் செயற்கைக் கால் போட்டவை மாதக்கணக்கில நடை பழகிறதை நான் நெடுகப் பாக்கிறன். ஒரு கால் மாறினதுக்கே அவ்வளவு. முழு உடம்பும் மாறினா?

நெடுங்கேணியில இருந்து ஒரு அம்மா: இது சித்தர்மார் கூடு விட்டுக் கூடு பாஞ்ச மாதிரியோ?

இல்லை அம்மா. அந்தக் கதைகளிலகூட உயிர் இன்னொரு உடம்புக்குள்ளதான் போகுது, கூடில்லாம நிக்கேல்லை. பிரதி எடுத்தா, எடுபட்ட ஆள் இங்கேயே இருப்பார், சாகிற நேரம் சாவார்.

புதுக்குடியிருப்பு, 2009இல கால் இழந்த ஒருவர்: எனக்கு இல்லாத காலில பெருவிரல் நெரியுது. அப்ப உடம்பு மூளைக்குள்ளயே இருக்கெண்டுதானே அர்த்தம்?

அண்ணை, வந்ததில ஆகத் திறமான கேள்வி உங்கடதான். ஓம், இருக்கு. பிறவியிலேயே கை இல்லாத சிலருக்கும் இல்லாத கை தெரியிறதெண்டு பதிவு இருக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில கால் இழந்த படையாட்களைப் பாத்த வியர் மிச்சல் எண்ட வைத்தியர்தான் இதுக்கு மாய அங்கம் எண்ட பேரைப் பரப்பினவர். தமிழ்நாட்டில பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தார். இருக்கிற காலின்ர விம்பம் இல்லாத காலின்ர இடத்தில தெரியும். அதை அசைக்க, நெரிஞ்ச விரல் சிலருக்கு விரியும். இங்க அலுமாரிக் கண்ணாடியை வச்சே நாங்கள் செய்விக்கிறம். எல்லாருக்கும் சரிவாறேல்லை, ஆனா சரிவந்தவை அழுததை நான் கண்டிருக்கிறன்.

உங்கட மூளை இன்னும் அந்தக் காலைக் கேட்டுக்கொண்டிருக்கு, மறுமொழி வாறேல்லை. உடம்பில்லாமப் பிரதி எடுத்த மூளைக்குத் தலை தொடக்கம் பாதம் வரைக்கும் அதே நிலைதான் எண்டு நான் நம்பிறன். முழு உடம்பும் மாய அங்கம். அங்க கண்ணாடி வைக்கக்கூட ஒண்டுமில்லை. வலி இல்லாத வாழ்வெண்டு அதைச் சொல்லுறவை உங்களோட ஒரு இரவு இருந்து பாக்கவேணும்.

வவுனியா, ஆசிரியர்: அப்ப இந்த ஆராய்ச்சி எல்லாம் வீணா?

இல்லை சேர். 2013 தொடக்கம் 2023 வரை ஐரோப்பாவில நடந்த மனித மூளைத் திட்டம் ஆளைப் பதிவேற்றேல்லை. ஆனா வலிப்பு நோயாளியின்ர மூளைக்குக் கணினியில மாதிரி செய்து, எங்க சத்திரசிகிச்சை செய்யலாம் எண்டு பாக்கிற வழி அதில வளர்ந்தது. வெட்டுப்பட்ட நரம்பில மின்வாய் வச்சுச் செயற்கைக் கைக்குத் தொடுகை குடுக்கிறதும் மற்ற ஆய்வுகூடங்களில நடக்குது. சிலருக்கு அப்பிடித் தொடுகை வரேக்க மாய வலியும் குறைஞ்சிருக்கு. எங்கட ஆக்களுக்கு அது எப்ப வந்துசேரும் எண்டதுதான் என்ர கேள்வி.

புதுக்குடியிருப்பு அண்ணை, கிளினிக்குக்கு வரேக்க செயற்கைக் காலையும் கொண்டுவாங்கோ. கண்ணாடி என்னட்ட இருக்கு.