சாவி யார் கையில்?

வணக்கம் அக்கா,

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். பேரிடர் திரில்லர். விவாகரத்துக்குத் தயாராக இருக்கும் கணவன் மனைவி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வசிக்கிறார்கள். ராத்திரி வெள்ளம் சுவர் மாதிரி வருகிறது. வீட்டை விட்டு ஓடிக் காரில் ஏறுகிறார்கள், காரும் மூழ்குகிறது. கணவன் முன் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்து மனைவியைக் காப்பாற்றுகிறான். தண்ணீர்க் காட்சிகளை இங்கே ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குழியில், ஈயக்குட்டையில், எடுக்கலாம் என்று இருக்கிறோம். என் கேள்வி: கடைசியில் இருவரும் சேரலாமா, பிரியலாமா? இசையே இல்லாமல் விட்டால் எடுபடுமா?

ஒரு வாசகர்

தம்பி,

இணைத்திருந்த திரைக்கதையைப் படித்தேன். அவன் சாப்பிட்டு வைத்த தட்டை அவள் எடுக்காமல் தாண்டிப் போகிறாளே, முதல் பக்கத்தில், அதை எழுதத் தெரிந்தவருக்கு எழுத வரும். மூன்றாம் பக்கத்தில் தண்ணீர் வந்ததும் நீங்கள் காணாமல் போய்விட்டீர்கள்.

இசை உங்கள் இஷ்டம். சேருவதையும் பிரிவதையும் அப்புறம் பேசலாம்.

சுவர் மாதிரி வெள்ளம் மலையடிவாரத்தில் வரும். 1996 ஆகஸ்டில் பேராக் மாநிலத்தில் கம்பார் பக்கம் போஸ் டிப்பாங் என்ற கிராமத்தில் மண்ணும் மரமும் சேர்ந்து அப்படித்தான் இறங்கியது, 44 பேர் போனார்கள். உங்கள் ஊர் தட்டை நிலம். சிலாங்கூர் ஆறு அங்கே அடித்துக்கொண்டு வராது, ஏறும். முதலில் வாசல் லொங்காங்கில், அதாவது சாக்கடையில், ஓட்டம் நிற்கும். பிறகு அது பின்னோக்கி நகரும். குளியலறைத் தண்ணீர்ப் போக்கி குபுகுபு என்று சத்தம் போடும். அதன் வழியே கரப்பான், பின்னாலேயே பூரான். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிமிரும்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவு நிற்கும், ஏனென்றால் அது வாசல் வழியாக வரவில்லை. திரில்லர் வேண்டுமென்றால் அந்தச் சத்தத்தில் ஆரம்பியுங்கள்.

உங்கள் திரைக்கதையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சண்டை போடுகிறார்கள், மேலே விளக்கு எரிகிறது. பிளக் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கர் எப்போதோ விழுந்திருக்க வேண்டும்; விழாவிட்டால் அந்தத் தண்ணீரில் நிற்பவர்கள் வசனம் பேச மாட்டார்கள். இருட்டில் எடுங்கள். அடுப்படியில் குளிர்பெட்டி மிதந்து, மல்லாந்து, பின்வாசலை அடைத்துக்கொள்ளும். பாதி தீர்ந்த 14 கிலோ கேஸ் சிலிண்டரும் மிதக்கும், ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு. இதையெல்லாம் சேர்த்தால் போதும், பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் இதுதான். "வெளியே ஓடுகிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஓடினார்கள்? தாமான் வீடு தம்பி! முன்வாசலில் இரும்பு கிரில், பின்வாசலில் கிரில், ஜன்னலுக்கெல்லாம் கிரில். திருடனுக்குப் பயந்து நம்மை நாமே பூட்டிக்கொண்டு தூங்குகிற ஊர் இது. பூட்டுச் சாவி எங்கே? ஆணியிலா, சாமி மேடையிலா, நேற்றுப் போட்ட சிலுவார் பையிலா? யார் கடைசியாகப் பூட்டினார்கள்? தட்டை எடுக்காத அந்த மனைவிதான் பத்து வருஷமாகப் பூட்டியிருப்பாள், திறந்திருப்பாள். அவனுக்குச் சாவியின் நிறம்கூடத் தெரியாது. உங்கள் கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது, நீங்களோ இதைத் தாண்டி ஓடிவிட்டீர்கள். பேரிடர்ப் படம் எடுப்பவர்களுக்கு இது ஒரு வியாதி: தண்ணீர் வந்ததும் தம்பதியை மழையில் நிறுத்திக் கத்த விடுவது. கத்துவதற்கு வெள்ளம் எதற்கு?

பூட்டு தண்ணீருக்குள் போய்விட்டது என்று வையுங்கள். சேற்று நீர், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் இடது கை விரலால் பூட்டின் அடியைத் தடவி சாவித் துளையைத் தேடுகிறாள். சாவியின் பல் எந்தப் பக்கம் பார்க்கணும் என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். கொத்தில் ஐந்து சாவி. ஒன்று நழுவினால் எல்லாம் போச்சு. அவன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அது ஒன்றுதான் அவனால் செய்ய முடிந்த உதவி. இதற்கு வசனம் வேண்டாம்.

இப்போது கார். அரை மீட்டர் தண்ணீர் கதவில் அழுத்தினால், ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு ஏறக்குறைய 125 கிலோ சுமை. ஒரு மீட்டர் ஆழமானால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, 500 கிலோ. மனிதன் தள்ளித் திறக்க முடியாது. அதனால் கதவோடு மல்லுக்கட்டுவது வீண். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளை இருந்தால் முதலில் பிள்ளை, பிறகு நீ. போன் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகு. மின்சார ஜன்னல் தண்ணீர் பட்ட பிறகும் கொஞ்ச நேரம் வேலை செய்யும், அந்த நேரத்தை நம்பித்தான் எல்லாம். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. குத்தினால் விரிசல் விடும், விழாது. விரல் எலும்புதான் முறியும். உடைக்கணும் என்றால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடிக்கணும், அது கற்கண்டாக உதிரும்.

உங்கள் ஆள் கார் ஓட்டுகிறான் இல்லையா? அவன் கதவில் ஜன்னல் பூட்டு என்று ஒரு பொத்தான் உண்டு. எப்போதோ பிள்ளை விளையாடக்கூடாது என்று அழுத்தியிருப்பான், அப்படியே மறந்திருப்பான். அவள் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்துகிறாள், கண்ணாடி நகரவில்லை. மறுபடி அழுத்துகிறாள். வீட்டில் சாவி அவளிடம், காரில் பொத்தான் அவனிடம். அவன் கை அந்தப் பொத்தானுக்குப் போகிறதா, போனுக்குப் போகிறதா என்று காட்டுங்கள். அதற்கப்புறம் சேருவதா பிரிவதா என்று அவளே சொல்லிவிடுவாள், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

ஈயக்குட்டையைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. புத்தி இருக்கிறதா? அது ஆறு மாதிரிச் சரிந்து ஆழமாகாது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் தரை இல்லாமல் போகும், அடியில் களிச்சேறு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாது. அங்கே கேமராவைக்கூட வைக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் கண்ணாடியோடு ஒரு கார்க் கதவு, ஒரு கிரில் துண்டு, ஒரு பூட்டு வாங்குங்கள். பிள்ளைகள் குளிக்கும் காற்றடித்த தொட்டியில் ஒரு அடி தண்ணீர் விட்டு, தேயிலைச் சாயம் கலந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வையுங்கள். கேமராச் சட்டத்துக்குள் கையும் பூட்டும் மட்டும் தெரிந்தால் போதும். திருத்திய மூன்றாம் பக்கத்தை அனுப்புங்கள்.