23 லிட்டர் ஊற்றினேன், பாதிதான் வந்தது!

கேள்வி: வீட்டிலேயே பீர் காய்ச்சலாம் என்று 5 கிலோ மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வாங்கினேன். ரெசிபியில் '23 லிட்டர்' என்று போட்டிருந்ததால் அளந்து 23 லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் அரை லிட்டர் பாட்டில் 23தான் நிரம்பியது. மீதி எங்கே போச்சு சார்? குறைந்தால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: எங்கேயும் ஒழுகவில்லை. பெரும்பாலான ரெசிபிகளில் அந்த 23 லிட்டர் என்பது நீங்கள் ஊற்றும் தண்ணீர் இல்லை, நொதிக்க வைக்கும் வாளிக்குள் போய்ச் சேரவேண்டிய மால்ட் சாறு. (23 லிட்டர் என்பது உங்கள் ஊர் ஐந்து கேலன். அமெரிக்க ரெசிபி என்றால் 19 லிட்டர் இருக்கும், அவர்களுடைய கேலன் சின்னது.)

உங்கள் கணக்கைப் பார்ப்போம். மால்ட் சக்கை கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது, அங்கேயே 5 லிட்டர் காலி. ஒரு மணி நேரம் கொதித்ததில் மூன்றரை லிட்டர் சுண்டியிருக்கும், வாய் அகலமான பாத்திரம் என்றால் இன்னும் கூட. கொதிக்கக் கொதிக்க அளந்தது ஆறினால் 4 சதவீதம் சுருங்கும். பாத்திரத்தின் அடியில் ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) மண்டியோடு ஒன்றரை லிட்டர், வாளியில் ஈஸ்ட் வண்டலோடு ஒரு லிட்டர். மிச்சம் பதினொன்றரை லிட்டர், அதாவது உங்கள் 23 பாட்டில்! ஆனால் சர்க்கரை ஆவியாகாது, அதனால் அது வழக்கத்தைவிடக் கெட்டியாக, போதை தூக்கலாக இருந்திருக்குமே?

அடுத்த தடவை பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 23-க்கு மேல் மண்டி, சுருக்கம், ஆவி, சக்கை என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் கிட்டத்தட்ட 34 லிட்டர் வரும். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு பங்கை எடுத்துவைத்துக்கொண்டு சக்கையை அலசினால் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் இறங்கிவிடும். ஆவிக் கணக்கை மட்டும் யாரையும் கேட்காதீர்கள். உங்கள் அடுப்பில், உங்கள் பாத்திரத்தில், வெறும் தண்ணீரை மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறியதும் அளந்து பாருங்கள், அதுதான் நிஜம்.

சரி, தண்ணீர் சேர்க்கலாமா? தாராளமாக, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக. ஆனால் கண்ணளவில் ஊற்றாமல் ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி, வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்) போட்டுப் பார்த்து ஊற்றுங்கள். 17 லிட்டர் 1.059 காட்டினால், 3 லிட்டர் சேர்த்ததும் 20 லிட்டர், 1.050. ரெசிபி சொல்லும் எண் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள், நீர்த்துப்போகும்.

அப்புறம், ஊருக்கு வரும்போது இந்த ஆசையை லெஸ்டரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே 1963-லிருந்து வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம், விற்கக்கூடாது, அவ்வளவுதான். இங்கே காய்ச்சினால் மதுவிலக்கு போலீஸ் வந்து நிற்கும்.